ஆரினுக்குத் தெளிவில்லை

மாதக் கூட்டத்தில் ஆரின் எழுந்து நின்றதும் மேவிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் இருந்த கோரா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். மறுபடியும் அதே பாட்டுதான் என்று நினைத்திருப்பாள்.

குவேக்கர்கள் என்ற இந்தக் கிறிஸ்தவ சபையார் எதற்கும் ஓட்டெடுப்பதில்லை. எல்லாரும் ஒருமனப்பட்டால்தான் தீர்மானம். ஒருவர் மறித்தாலும் காரியம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். மேவிஸும் கோராவும் இந்தக் கூடத்தில் மணம் செய்துகொள்ளக் கேட்டு மூன்று வருடமாகிறது. மறித்த ஒரே ஆள் ஆரின்.

"எனக்குத் தெளிவு வரலை" என்பார். மனசுக்குச் சரியென்று படவில்லை என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். காரணம் கேட்டால் வாய் திறக்கமாட்டார்.

இத்தனைக்கும், பெண்ணும் பெண்ணும் மணக்கச் சட்டம் வேண்டும் என்று இந்தச் சபை வெர்மான்ட் மாநிலச் சட்டசபைக்கு எழுதியபோது முதலில் எழுந்து ஆதரித்தவரும் அவர்தான். போன வருடம் சட்டமும் வந்துவிட்டது. "ஊருக்குத்தான் சட்டம், நமக்கில்லையாம்" என்று கோரா கசந்துகொள்வாள். பதிவு அலுவலகத்தில் போய் மணந்துகொள்ள அவளுக்கு இஷ்டமில்லை. சின்ன வயதிலிருந்து தன்னைப் பார்த்த இந்த ஜனங்கள் முன்னால்தான் என்று ஒரே பிடிவாதம்.

காபி வேளையில் ஆரின் பக்கத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. அவர் கொண்டுவரும் ஆப்பிள் கேக் முழுசாகவே வீட்டுக்குத் திரும்பும். குவேக்கர்கள் சண்டை போடுவதில்லை. இப்படித்தான் செய்வார்கள்.

ஆரின் கைத்தடியை பெஞ்சில் சாய்த்துவைத்தார்.

"போன மாசம் கோரா நெஞ்சுவலியோட ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, சொந்தக்காரங்கதான் உள்ள போகலாம்னு மேவிஸை நாள் பூரா வராந்தாவுல உட்கார வச்சாங்களாம். எனக்கு இன்னும் தெளிவு வரலை. ஆனா இனிமே குறுக்க நிக்கமாட்டேன். ஒதுங்கிக்கிறேன்."

கூட்டத்தை நடத்தும் லிடியா, வேறு யாருக்காவது தடை உண்டா என்று கேட்டாள்.

யாருக்கும் இல்லை.

கோரா அழுதாள். "கிழவன் ஒருவழியா இறங்கி வந்துட்டான் பாத்தியா?" என்று மேவிஸின் காதில் கிசுகிசுத்தாள்.

மேவிஸ் தலையாட்டினாள். ஆட்டியதும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

எல்லாரும் கை குலுக்கிக் கூட்டத்தை முடித்தார்கள். கோராவைச் சுற்றிக் கும்பல் கூடியது. ஆரின் ஓரமாக நின்று கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

மேவிஸ் அவரிடம் போய்க் கை நீட்டினாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலைம்மா," என்றார் தணிந்த குரலில். "அதை நீதான் சொல்லணும்."

மூன்று வருடத்துக்கு முன்பு அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கெஞ்சியவள் மேவிஸ். என் அப்பாவுக்குக் கோராவை வாடகைக்கு இருக்கும் பெண் என்றுதான் தெரியும், கல்யாணமென்றால் எல்லாம் வெளிப்பட்டுவிடும், அவர் கண்ணை மூடும்வரை எப்படியாவது தள்ளிப்போடுங்கள், நான் கேட்டதாகத் தெரியவேண்டாம் என்றாள். பொய் சொல்லமாட்டேன் என்றார் ஆரின். வெகுநேரம் யோசித்துவிட்டு, மணப்பெண்ணுக்கே மனம் தெளியாத கல்யாணத்தில் எனக்கு மட்டும் தெளிவு எங்கிருந்து வரும், அதை வேண்டுமானால் சொல்கிறேன் என்றார்.

அப்பா போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போதும், இனி மறிக்கவேண்டாம் என்று ஆரினிடம் சொல்ல மேவிஸ் போகவே இல்லை.

கோரா கும்பலை விலக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் ஆப்பிள் கேக் துண்டுகள். ஒன்றை மேவிஸின் வாயில் ஊட்டினாள். மற்றதை ஆரினிடம் நீட்டினாள்.

"உங்களை மன்னிச்சிட்டேன் ஆரின். மனசார."

ஆரின் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். பிறகு மேவிஸைப் பார்த்தார்.

வாய் நிறையக் கேக் இருந்தது. மேவிஸ் அதை மென்றுகொண்டே இருந்தாள்.