வீட்டிலிருந்து ஒரு கருத்து

மணி அடிக்க ஒன்பது நிமிடம் இருந்தது. திரையில் அவள் கதைக்குக் கீழே நான்கு கருத்துகள் இருந்தன.

ஐந்தாவது வேண்டும். அதுவும் வீட்டிலிருந்து.

கணினி வகுப்பின் சட்டம் அது. வகுப்பு வலைப்பூவில் யாரும் எழுதலாம், யாரும் படிக்கலாம். ஆனால் ஒரு கதை முதல் பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் வகுப்பில் நாலு பேரும் வீட்டில் ஒருவரும் அதற்குக் கருத்து எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரே ஒரு நம்பர். பள்ளியில் சேரும்போது படிவத்தில் எழுதிக் கொடுத்த நம்பர். வெள்ளிக்கிழமை மணி அடித்துவிட்டால் அந்த வாரம் போச்சு.

எல்லோரும் ஒரு தரமாவது முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டார்கள். வீட்டுப் பல்லியைப் பற்றி நாலே வரி எழுதியவன்கூட. அவனுடைய சித்தப்பா 'அருமை அருமை அருமை' என்று எழுதி அவனைக் கரையேற்றிவிட்டார்.

அவள் மட்டும் பாக்கி. இந்த ஆண்டு வந்து சேர்ந்தவள் என்பதால் அவளுக்குப் புதுசு என்று பெயர். ஆண்டே முடியப்போகிறது, பெயர் பழசாகவில்லை.

"உங்க வீட்ல எல்லாரும் மௌன விரதமாடி?" என்று கேட்டாள் ஒலிபெருக்கி. வருகிற கருத்துகளை வகுப்புக்குப் படித்துக் காட்டுவது அவள் வேலை. மைக் தேவைப்படாத தொண்டை.

"அப்பா படிப்பாரு. எழுதமாட்டாரு."

அது பொய்யில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, "படிச்சேன்மா, நல்லா இருந்தது" என்பார். அவர் சிரிக்க வேண்டும் என்றுதான் அவள் எழுதினாள். பதினொரு கதைகள். பதினொன்றுக்கும் அதே 'நல்லா இருந்தது'தான். உதட்டோரம்கூட அசையாது.

ஒரு நாள் டீச்சர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அந்த நம்பரை எடுத்துட்டு அப்பா நம்பரைப் போட்டுடலாமா, கண்ணு?"

"வேண்டாம் டீச்சர். அதுவே இருக்கட்டும்."

டீச்சர் மறுபடி கேட்கவில்லை.

இந்த வாரக் கதைக்கு 'மூணு வயர் பின்னல்' என்று தலைப்பு. அப்பாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. அவர் அவளுக்குத் தலை பின்னிவிடுகிற கதை அது. முடியை மூன்றாகப் பிரித்து, ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, வயரை முறுக்குகிற மாதிரியே முறுக்குவார். முடிந்ததும் நுனியைப் பிடித்து இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். கதையில் அவள் அந்தப் பின்னலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள்: 'எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது.'

ஒலிபெருக்கி அதைப் படித்தபோது வகுப்பு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. பல்லிக்காரன் எழுந்து வந்து அவள் பின்னலை உற்றுப் பார்த்து, "நான் ஒன்பதாவது ஆளு, ஏறலாமா?" என்றான்.

ஆறு நிமிடம். நாலு. ஒலிபெருக்கி பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து விரல் தேய்ந்தாள். பல்லிக்காரன் தன் சித்தப்பாவைக் கடன் தருவதாகச் சொன்னான்.

இரண்டு நிமிடம் இருக்கும்போது 'டிங்' என்றது.

"ஏய்! வீட்டுக் கருத்து! புதுசு வீட்டுக் கருத்து!"

திரையில், சின்ன வட்டத்துக்குள், தலையைச் சாய்த்துச் சிரிக்கிற ஒரு பெண்ணின் முகம். பக்கத்தில் 'அம்மா' என்று இருந்தது.

புதுசு நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கி படித்தாள். "ஒரு திருத்தம். இழுத்துப் பார்த்தது இரண்டு தரம் இல்லை, மூன்று தரம். லிஃப்டுக்கு மேலே உட்கார்ந்து இதைப் படித்துச் சிரித்ததில் ஸ்குரூ டிரைவர் ஆறு மாடி கீழே விழுந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. இறங்கிப் போய் எடுக்க வேண்டும். இப்படிக்கு, பின்னியவர்."

வகுப்பு கூரை பெயர்ந்துவிடும்போல் சிரித்தது.

"உங்கப்பா உங்கம்மா போனைப் பிடுங்கி எழுதியிருக்காருடி! பாவம் உங்கம்மா!"

"ஆமா," என்றாள் புதுசு. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். "சொல்லாம கொள்ளாம எடுத்துட்டுப் போயிருக்காரு."

எழுத்துப்பிழை பார்க்காமல் எதையும் முதல் பக்கத்துக்கு அனுப்பாத டீச்சர், ஒலிபெருக்கி உட்காருவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். மணி அடித்தது. அது யார் காதிலும் விழவில்லை. அத்தனை மேசைகளும் அதிர்ந்துகொண்டிருந்தன.

சாப்பிட எல்லோரும் ஓடினார்கள். அவள் மட்டும் திரைக்கு முன்னால் நின்றாள்.

படிவத்தில் அந்த நம்பரை எழுதியது அம்மாதான். அடித்தல் திருத்தல் இல்லாத, குண்டு குண்டான எழுத்து. பள்ளி திறக்கும்போது அம்மா இல்லை. போன் மட்டும் சாப்பாட்டு மேசையின் மூலையில் இருந்தது. தினமும் காலையில் அப்பா அதை நூறு வரும்வரை சார்ஜ் போடுவார், சட்டை நுனியால் துடைப்பார், இருந்த இடத்திலேயே வைப்பார். பத்து மாதத்தில் ஒரு நாளும் திறந்ததில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சிரிக்கிற முகத்துக்குக் கீழே பதில் எழுதினாள்.

'திங்கட்கிழமை ரெட்டைப் பின்னல் போடுங்க, அப்பா. பதினாறு பேர் ஏறலாம்.'