முத்துப்பேச்சிக்கு வந்த கவர்

பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. கவரைக் கையில் வாங்கியதுமே போலி என்று தெரிந்துவிட்டது.

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் பெரியகருப்பன். எண்பத்தொரு வயது. சித்தையன்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, திண்டுக்கல் நாகல் நகரில் நாலு பேரிடம் விசாரித்து, என் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அவரை என்னிடம் அனுப்பியது எங்கள் ஸ்டாம்ப் சேகரிப்போர் சங்கத்து ஆள் யாரோ. தபால் இலாகாவில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது யுத்தகாலக் கவர்களைப் போலியாகச் செய்து விற்ற ஸ்டாம்ப் வியாபாரிகளைத் தேடித் தேடிப் பட்டியல் போடுகிறேன். சிப்பாய் வீட்டுக்கு அனுப்பிய கவர் என்று கள்ள முத்திரை குத்தி விற்கிறவனை நடுரோட்டில் நிற்கவைத்துச் செருப்பால் அடிக்க வேண்டும். சங்கக் கூட்டத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறேன்.

கவரில் அவருடைய அம்மா முத்துப்பேச்சியின் பெயர், ஆங்கிலத்தில் முகவரி. மெட்ராஸ் தபால் முத்திரை, 1943 ஜூலை. பக்கத்தில் ராணுவத் தணிக்கை முத்திரை.

அவருடைய அப்பா கருப்புசாமி 1942-இல் பட்டாளத்தோடு பர்மா எல்லைக்குப் போனவர். திரும்பவே இல்லை. பெரியகருப்பன் பிறந்ததோ 1944 சித்திரையில்.

ஊர் மாதக் கணக்குப் போட்டுச் சிரித்தது. பள்ளிக்கூடத்தில், களத்தில், கல்யாணப் பந்தியில், எங்கே போனாலும் அந்தச் சிரிப்பு அவர் கூடவே வந்தது.

அந்த அம்மாள் சாகும்வரை ஒரே பேச்சுதான் பேசினார். புருஷன் மெட்ராஸ் முகாமுக்கு வந்திருந்தான், கடிதம் போட்டுக் கூப்பிட்டான், ரயிலேறிப் போய் நாலு நாள் அவனோடு இருந்துவிட்டு வந்தேன். கடிதத்தைக் கரையான் தின்றுவிட்டது, கவர் மட்டும் மிச்சம்.

மகன் நம்பவில்லை. 1992-இல் அம்மா செத்தபோது கொள்ளி வைக்க மறுத்துவிட்டார். ஒரே மகன். கருப்புசாமியின் அண்ணன் மகன் ஒருவன் வந்து அந்த அம்மாளுக்குக் கொள்ளி வைத்தான்.

"நெசமான கவருன்னா நான் என்னப் பெத்தவளுக்குப் பாவஞ் செஞ்சவன், கிளெமென்ட் சார். போலின்னா மனசு ஆறிரும். எனக்கும் நாள் நெருங்கிருச்சு, ஒரு வார்த்தை சொல்லிருங்க."

இது வேறு யார் கைக்காவது போனதா என்று கேட்டேன்.

"தொண்ணூறுல, ஸ்டாம்பு விக்கிற ஸ்டான்லி கடைக்குப் போச்சு சார். முத்திரைல என்ன தேதின்னு வாசிச்சுச் சொல்லுங்கன்னு ஆத்தாதான் கொண்டுபோய்க் குடுத்துச்சு. ஒரு வாரம் வச்சிருந்து, பிளாஸ்டிக் தாள் சுத்திக் குடுத்தாரு."

ஸ்டான்லி செத்துப் பல வருடம் ஆகிறது. என் பட்டியலில் முதல் பெயர் அவன்தான்.

முகவரியின் கடைசி வரியை அவருக்கு விரல் வைத்துக் காட்டினேன். திண்டுக்கல் மாவட்டம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நாற்பத்து மூன்றில் ஏது திண்டுக்கல் மாவட்டம்? 1985 வரைக்கும் நாமெல்லாம் மதுரை ஜில்லாதானே. எழுதியவன் கை, பழக்கதோஷத்தில் தன் வீட்டு முகவரி மாதிரி எழுதிவிட்டது. இந்த ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

"போலிங்க ஐயா. எண்பத்தஞ்சுக்கு அப்புறம் செஞ்சது."

அவர் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். முகம் தெளிந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப ஆத்தாதான் ஸ்டான்லிகிட்டச் சொல்லிச் செஞ்சிருக்கு. நான் கொள்ளி வைக்காதது சரிதான்."

காபி சாப்பிடுங்கள் என்றேன். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். கவரை மேஜைமேலேயே விட்டுவிட்டார்.

தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். கொடுக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை நகர்த்திப் பின்னாலிருந்த பீரோவைத் திறந்தேன். அகில இந்தியக் கண்காட்சியில் எனக்குத் தங்கப் பதக்கம் வாங்கிக் கொடுத்த ஆல்பம் மேல்தட்டில்தான் இருக்கிறது.

பதினான்காம் பக்கம். அதே முத்துப்பேச்சி, அதே மெட்ராஸ் முத்திரை, அதே ஜூலை. முகவரியின் கடைசியில் மதுரை ஜில்லா.

மாவட்டப் பெயரை வைத்து நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அசல் கவர் என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். தேதி வாசிக்க வந்த கவரை ஸ்டான்லி அமுக்கிக்கொண்டு, ஒரு வாரத்தில் நகல் செய்து கொடுத்திருக்கிறான். எழுத்து வாசனை இல்லாத அந்த அம்மாள் அதையே பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

இந்த வயதில் அவரை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பச்சைப் பொய். பதக்கம் போய்விடும், சங்கத்தில் மானம் போய்விடும் என்ற பயம்தான்.

இதை ஸ்டான்லியிடம் நான் வாங்கியது அதே தொண்ணூறில், தீபாவளிக்கு முந்தின வாரம். கவர் எங்கிருந்து வந்தது என்று வியாபாரியைக் கேட்பது எங்களுக்குள் வழக்கமில்லை. கேட்டால் அடுத்த நல்ல கவர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

கேட்கவே தேவையில்லை, முகவரி கவரிலேயே இருந்தது. இங்கிருந்து சித்தையன்கோட்டைக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த அம்மாள் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் உயிரோடுதான் இருந்திருக்கிறார்.