ஜலஜா ஆன்ட்டியின் ஞாயிற்றுக்கிழமை

எதிர்வீட்டுத் தபால் பெட்டியை நான் காரால் இடித்துச் சாய்த்ததற்கு என் டிரைவிங் காரணமில்லை. என் மனைவி கயல் இதை நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், டெக்சாஸின் கேட்டி நகரத்து வெயில். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்: எதிர்வீட்டு வாசலில் ஜலஜா ஆன்ட்டி துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆன்ட்டி சென்னையில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. விசா சிக்கலில் ஊருக்குப் போக முடியாமல், மகன் கிரீஷ் காரியத்தை இங்கேயே செய்தான். பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில் ஐந்து வடை சாப்பிட்டவன் நான். சந்தேகத்துக்கே இடமில்லை.

அதே மாம்பழ நிறப் புடவை. போன வருடம் ஆறு மாதம் இங்கே தங்கியபோது பார்த்த அதே நடை, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து. அப்புறம்தான் அந்த ‘டமார்’.

“ஐயோ, சாரி! சாரி!” என்று ஆன்ட்டி ஓடி வந்தார். இடித்தது நான்; சாரி கேட்டது பேய். ஓடும்போது கால் இழுக்கவில்லை. கிட்டே வந்ததும் முகமும் வேறாக இருந்தது.

“பயந்துட்டீங்களா? நான் ஷ்யாமளா. டொரான்டோ. ஆக்ட்ரஸ்” என்றார் தாழ்ந்த குரலில். கனடாக்காரர்கள் எதற்கெடுத்தாலும் சாரி சொல்பவர்களாயிற்றே; அந்த சாரிக்கு அர்த்தம் புரிந்தது.

“இங்க என்ன ஷூட்டிங்கா மேடம்?”

“முப்பது வருஷமா நடிக்கிறேன். ஸ்டேஜ்ல ராணி, ஸ்க்ரீன்ல பிணம். கனடா டிவில பதினோரு தடவை செத்திருக்கேன். செத்தவங்க திரும்பி வர்ற ரோல் இதுதான் ஃபர்ஸ்ட் டைம்.” சிரித்தார். சிரித்து முடித்ததும் ஆன்ட்டி மாதிரியே இரண்டு முறை இருமினார்.

கிரீஷ் வாசலுக்கு ஓடி வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். “சபரி, சத்தம் போடாதீங்க, ப்ளீஸ். அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு. அம்மா எங்கேன்னு கேட்டுண்டே இருக்கார். இவங்க பொண்ணு ஷுகர்லேண்ட்ல இருக்கா, அவளைப் பார்க்க வந்தவங்களை ரிக்வெஸ்ட் பண்ணிக் கூப்பிட்டேன். அம்மா வீடியோவெல்லாம் பார்த்துப் பழகிண்டு, ஒவ்வொரு சண்டேயும் லஞ்சுக்கு மட்டும் வராங்க. அம்மா இல்லைன்னு தெரிஞ்சா அப்பா தாங்க மாட்டார்.”

“நான் ஏன் சொல்லப் போறேன்?” என்றேன். என்னைத் தெரிந்தவர்கள் அங்கேயே என் வாயைக் கட்டியிருப்பார்கள். கிரீஷ் சாப்பிடக் கூப்பிட்டான்.

ஆன்ட்டி போனபின் மகனோடு இருக்க வந்துவிட்ட அனந்தராமன் அங்கிள், மேஜையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

“அங்கிள், என்னைத் தெரியுதா?”

“தெரியாம என்ன? கேஸ் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவன்தானே? எத்தனை நாள் கழிச்சு வரே?”

பாவம், ரொம்பத்தான் முற்றியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஷ்யாமளா ரசம் ஊற்றினார். “தேங்க்ஸ்” என்றார் அங்கிள். நாற்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்த கணவன், ரசத்துக்காக மனைவிக்கு தேங்க்ஸ் சொல்லி நான் பார்த்ததில்லை. இதுவும் வியாதியில் சேர்த்திதான் போலும்.

கிரீஷ் ஷ்யாமளாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடிப்பில் பிசகு வந்துவிடக் கூடாதே என்ற கவலை என்று நினைத்தேன். அவர் அவன் தலையை லேசாகத் தொட்டு, “மெதுவா சாப்பிடுடா, புரையேறும்” என்றார். குரல் அச்சு அசல் ஆன்ட்டி. அறைக்குள் யாரோ வந்து நிற்பது போல இருந்தது. அந்தக் கனத்தைத் தாங்க முடியாமல், எதையாவது பேசுவோமே என்று வாயைத் திறந்தேன்.

“டொரான்டோல இப்போ ஸ்னோ எப்படி ஷ்யாமளா மேடம்?”

கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. கிரீஷின் முகம் வெளுத்தது. அப்பாவையே பார்த்தான்.

அங்கிள் அப்பளத்தை நிதானமாக உடைத்தார். “யாருடா ஷ்யாமளா? ஜலஜா, இவன் ஏதோ உளர்றான், நீ மோர் போடு.”

கிரீஷுக்கு மூச்சு திரும்பியது. எனக்குத்தான் திரும்பவில்லை. தபால் பெட்டியை நிமிர்த்துகிறேன் என்று சொல்லி வெளியே தப்பித்தேன்.

பெட்டியின் கம்பத்தைக் குழியில் இறக்கும்போது மறுபக்கத்தை ஒரு கை பிடித்தது. அங்கிள்.

“இன்னொரு தரம் அந்தப் பேரைச் சொன்னே, உன் காரை நான் இடிப்பேன் சபரி.”

என் பெயர்! கேஸ் கனெக்‌ஷன் இல்லை, சபரி. கம்பத்தை விட்டுவிட்டேன். அவர்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அங்கிள்... உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கா?”

“அவ கடைசி மூச்சு விட்டப்போ கையைப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எப்படிடா மறக்கும்?”

“அப்போ இந்த நடிப்பெல்லாம் எதுக்கு?”

வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே கிரீஷ் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“என்னிக்கோ தூக்கக் கலக்கத்துல ஜலஜா எங்கேன்னு கேட்டுட்டேன். கிரீஷ் பயந்துபோய் இந்தம்மாவைக் கூட்டிண்டு வந்துட்டான். பார்த்த உடனே திருப்பி அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். அம்மா முகத்தைக் கடைசியா பார்க்க முடியாம, சரியா சாப்பிடாம, தூங்காம கிடந்த பையன், அன்னிக்கு இந்தம்மாகிட்ட ரெண்டாம் தடவை சாதம் கேட்டான்.”

கம்பத்தைச் சுற்றி மண்ணைக் காலால் மிதித்தார்.

“அன்னிலேந்துதான்டா எனக்கு மறதி.”