கிணற்றைச் சுற்றி முள்

"பங்குக் கெணத்துக்கு முள்ளு போடறதுக்கு நீங்க யாரு மாமா?"

நஞ்சம்மாள் போட்ட சத்தம் பக்கத்துக் கொல்லை வரைக்கும் கேட்டது.

கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு இலந்தை முள். ஒருவர் நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு சந்து. அந்தச் சந்தில் கல்லைப் போட்டு உட்கார்ந்திருந்தான் அர்ச்சுனன். அவள் புருஷன் மாதையனுக்குப் பெரியப்பா மகன்.

"உன்ன யாரு வேணாம்னா? நீ மொண்டுக்க. உம் புள்ளைங்க மொண்டுக்கட்டும்."

"அப்புறம்?"

"மாதையன் மட்டும் இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது."

"ஏன் வைக்கக் கூடாது? அவுங்க அப்பாவும் உங்க அப்பாவும் சேந்து வெட்டுன கெணறு. சரிபாதி எங்களுது!"

அர்ச்சுனன் சந்தோரம் சரிந்திருந்த முள்ளை இழுத்து நிறுத்தினான். "அவன் சோறு தின்னானா?" என்றான்.

"தின்னா என்ன, திங்காட்டி உங்களுக்கென்ன?"

வெறுங்குடத்தோடு திரும்பி நடந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம். உலக யுத்தம் முடிந்த வருஷத்திலிருந்து மழையும் சரியில்லை. ஆடி மாசம் வெக்கை நோய் வந்து மாதையனின் இரண்டு எருதும் ஒரே வாரத்தில் செத்தன. கவலை பூட்டித் தண்ணீர் இறைக்க மாடில்லை. நிலம் காய்ந்து கிடக்கிறது. பங்கைப் பிடுங்க இதைவிட நல்ல சமயம் எப்போது வரும்?

வீட்டில் மாதையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மாடு செத்ததிலிருந்து அப்படித்தான். நாலு மாசம். கூப்பிட்டால் ஏனென்று கேட்பதில்லை. வைத்த களி வைத்த இடத்திலேயே காய்ந்து கிடக்கும்.

"எந்திரிங்க! கெணறு போவுது. உங்களக் கால் வைக்கக் கூடாதுங்கறான்."

அசைவில்லை.

"உங்களுக்கு என்னதான் கேடு? காச்சலா, காமாலையா? இந்த ஊர்ல மாடு செத்தது உங்க ஒருத்தருக்குத்தானா? ஆம்பளையா லட்சணமா எந்திரிச்சுப் போயி கேளுங்க!"

மாதையன் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"சரி, நான் போறேன். புருசன் இருந்தும் இல்லாதவளா நானே போயி ஊரக் கூட்டறேன்."

மறுநாள் காலை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் வெங்கடாசலம் வருகிற வழியிலேயே கிணற்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கோபத்தோடுதான் உட்கார்ந்தார்.

"முள்ளு நீ போட்டதுதானா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

அர்ச்சுனன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினான்.

"பங்குக்காரனக் கால் வைக்காதேன்னா, பங்கு இல்லேன்னுதாண்டா அர்த்தம். அவன் வூட்டுக்குள்ள படுத்துக் கெடக்கறான், கேக்க நாதியில்லேன்னு நெனச்சியா?"

"பங்கு அவனுதுதாங்க. அதுல எனக்கு ஆசையில்ல."

"அப்ப முள்ளப் பிரி."

"பிரிக்க மாட்டேங்க."

கூட்டம் கொதித்தது. "ஒடிஞ்சு கெடக்கறவன்கிட்டயா உன் வீரத்தக் காட்டற?" என்று ஒருவன் பாய்ந்தான். மாதையனுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்று போன வாரம் காரிமங்கலம் சந்தையில் சொல்லிச் சிரித்தவன் அவன்தான்.

வெங்கடாசலம் கையை உயர்த்தினார்.

"பொழுது சாயறதுக்குள்ள முள்ளு போவணும். இல்லேன்னா உன் வூட்டு நல்லது கெட்டதுக்கு இந்த ஊரு வராது. நாளைக்கு உன் வூட்டுல ஒண்ணுன்னா தோள் குடுக்க ஆள் இருக்காது. யோசிச்சுச் சொல்லு."

அர்ச்சுனன் யோசிக்கவில்லை.

"வரவேணாங்க. முள்ளு இருக்கட்டும்."

நஞ்சம்மாளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவன் முகத்துக்கு நேரே தூற்றினாள்.

"நீ நாசமாப் போவ! படுத்துக் கெடக்கறவன் பங்கத் திங்கறியே, உன் குடும்பம் வெளங்குமா?"

கண்ணில் விழுந்த மண்ணை அர்ச்சுனன் துடைத்துக்கொண்டான்.

"அண்ணன ஒண்ணும் சொல்லாத, நஞ்சா."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

மாதையன். நாலு மாசத் தாடி. நிற்கத் தெம்பில்லாமல் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அதுவரை குரலை உயர்த்தாத அர்ச்சுனன் இப்போது கத்தினான்.

"டேய்! வாய மூடிக்கிட்டு வூட்டுக்குப் போடா! ஊரு முன்னால ஒரு வார்த்த பேசாத!"

"பேசறேண்ணா." மாதையன் வெங்கடாசலத்தின் பக்கம் திரும்பினான். "முந்தாநேத்து விடிகாலைல கெணத்துல விழுந்துரலாம்னு போனேங்க. அண்ணன்தான் ஓடியாந்து கட்டிப் புடிச்சு இழுத்துப் போட்டாரு. ஆறு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசாதவரு, என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. இது யாருக்கும் தெரிய வேணாம்னாரு. 'இனிமே கெணத்துப் பக்கம் போவ மாட்டேன்னு சத்தியம் பண்ணுடா'ன்னு கெஞ்சுனாரு..."

நஞ்சம்மாளின் கையில் மிச்சம் இருந்த மண் கீழே உதிர்ந்தது.

"என்னால சத்தியம் பண்ண முடியலீங்க. அதான் முள்ளு வெட்டியாந்து போட்டாரு."