விளக்கின் மேல் ஒட்டிய பொட்டு

குலசேகரின் கார் துணிக்கூரை போட்டது. வேண்டும்போது மடக்கித் திறந்துகொள்ளலாம். ஆயுத பூஜைக்குக் கூரையோரம் கட்டிய சாமந்தி மாலை உதிர்ந்து, மழைநீர் வடியும் துளையை அடைத்துக்கொண்டது. அடுத்த மழை முழுக்கக் காருக்குள் இறங்கியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது.

குலசேகர் பார்த்தார். மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின் மேல் ஒட்டிவிட்டுப் போனார்.

“ஒழுகுறது நீ, வாயை அடைக்கிறது எனக்கா?” என்று விளக்கு கூரையிடம் எரிந்து விழுந்தது.

“என்மேல ஏன் பாயுற? தண்ணி போற வழியை அடைச்சது அவர் கட்டின மாலை! துளையைக் குத்திவிடத் துப்பில்ல, சீட்டு மேல குடையை விரிச்சு வெச்சிருக்கார் பாரு!”

“கீழே வயரெல்லாம் ஊறிப்போச்சு. அந்த ஆளுக்கு உறைக்கிற வரைக்கும் நான் அணையவே மாட்டேன்!”

மூன்றாம் நாள் சாவியைத் திருகினார். கார் கிளம்பவில்லை. பொட்டை உரித்துப் பார்த்தார். விளக்கு செத்துக் கிடந்தது.

“அப்பாடா, அணைஞ்சிடுச்சு! அப்ப கார்ல கோளாறே இல்ல. எவனோ கண்ணு வெச்சிருக்கான்” என்றார்.

போன தடவையைவிடப் பெரிய சாமந்தி மாலையாக வாங்கிவந்து, அதே இடத்தில் கட்டினார்.