எண்ணெய் விடாதீங்க!

"சத்தமே வரலையே! இதெல்லாம் ஒரு மேஜையா?"

கடைக்காரருக்குக் காது சிவந்தது. பழைய மரச்சாமான் வியாபாரத்துக்கு வந்த இருபது வருஷத்தில் அவர் எத்தனையோ குறைகளைக் கேட்டிருக்கிறார். செல்லரித்திருக்கிறது என்பார்கள், கால் ஆடுகிறது என்பார்கள். இழுப்பறை வழுக்கிக்கொண்டு வருகிறது என்று சண்டைக்கு வந்த முதல் ஆள் இவர்தான்.

"சார், சத்தம் வரக் கூடாதுன்னுதான் நாலு மாசம் இழைச்சு இழைச்சு மெழுகு போட்டிருக்கேன். அசல் தேக்கு. இந்த மூடியை இப்படி இறக்கினா எழுதுற பலகை. உள்ளே லெட்டர் வைக்க எட்டு அறை. கீழே மூணு டிராயர். என் பொண்ணைக்கூட நான் இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்க்கலை. அதை அவளே சொல்லிக் காட்டுறா."

"வேணாம். அடுத்ததைக் காட்டுங்க."

வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஹாரன் அடித்த பழக்கம் கையிலிருந்து தொண்டைக்கு ஏறியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. தோளில் கைப்பை; பார்வையிலேயே ஆளைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுகிற தோரணை.

"இதுக்குச் சாவி இருக்கா?" என்றார் டீச்சர்.

"இருக்கும்மா. ரெண்டு இருக்கு."

டீச்சர் கணவர் பக்கம் திரும்பினார். "இது மூணாவது கடை."

"அஞ்சாவது."

"ஆமா, கணக்குல மட்டும் புலி! வீட்டுல நல்லா இருந்த மேஜையைத் தூக்கி எவனுக்கோ கொடுத்தாச்சு. என் பேனா, நோட்டு எல்லாம் அட்டைப் பெட்டியில கிடக்கு. இன்னைக்கும் மேஜை வரலைன்னா நான் உங்க முதுகுலதான் வச்சு எழுதுவேன். கொடுக்கறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

அடுத்த மேஜையை அவர் சோதித்த விதம் இன்னும் மோசம். கடைக்காரரை அதன் முன்னால் நிறுத்திவிட்டு, பத்தடி தள்ளிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"ம், டிராயரைத் திறங்க."

"திறந்துட்டேன் சார்."

"போச்சு! இதுவும் ஊமை."

அந்த நேரம் டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். வாய்க்குப் போவதற்குள் டிரைவர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார்.

"உள்ளே வை அதை! எத்தனை தடவை சொல்றது?"

டீச்சரின் முகம் சுண்டிப்போனது.

கடைக்காரர் திறந்த டிராயரை அறைந்து மூடினார். ஒரு மாத்திரையைக்கூட நிம்மதியாக விழுங்க விடாத மனுஷன்! தன் மனைவியிடம் தான் எரிந்து விழுந்த நாட்களும் வரிசையாக ஞாபகம் வந்தன. அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, இவர்மேல் மட்டும் கோபப்பட்டார்.

"பின்கட்டுல ஒண்ணு கிடக்கு. நான் இன்னும் கை வைக்காதது. இழுத்தா ஊரே திரும்பிப் பார்க்கும். உங்களுக்கு அதுதான் சரி!"

"அதைக் காட்டாம இவ்வளவு நேரம் என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?"

பின்கட்டில் தூசியோடு தூசியாக நின்றது அந்த மேஜை. டிரைவர் மேல் டிராயரை இழுத்தார். அது போட்ட கூச்சலில் அடியில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது. டிரைவர் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு.

"இதுதான்! இன்னைக்கே வீட்டுக்கு வந்தாகணும்."

"இதுக்குச் சாவி இருக்கா?" என்றார் டீச்சர்.

"இருக்கும்மா. சார், கொஞ்சம் எண்ணெய் விட்டு…"

"எண்ணெய் விடாதீங்க! விட்டீங்க, மேஜை திரும்பி வந்துடும்!"

"எழுதப் போறது அவங்க சார். அவங்க காது என்னத்துக்கு ஆகும்?"

"அது எங்க வீட்டுக் காது. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"சாவி இருக்குல்ல இதுக்கு?" என்றார் டீச்சர் மறுபடியும்.

"இப்பத்தானேம்மா சொன்னேன்!" கடைக்காரர் வெடித்தார். "என் பேச்சுல நம்பிக்கையே கிடையாதா?"

டீச்சர் மிரண்டுபோய் அந்த மேஜை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவர் கடைக்காரரை ஒரு முறை முறைத்துவிட்டு, வீட்டு விலாசம் எழுத ஜன்னல் பக்கம் போனார்.

கடைக்காரர் எண்ணெய்க் குப்பியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வண்டியில் ஏற்றும்போது அந்த ஆளுக்குத் தெரியாமல் ரெண்டு சொட்டு விட்டுவிட வேண்டியதுதான். அந்தம்மாவுக்காக.

டீச்சர் டிராயரை இழுத்து, கைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை அதில் வைத்து மூடினார். கொஞ்ச நேரம் போயிற்று. மறுபடியும் கிறீச்.

எழுதிக்கொண்டிருந்த டிரைவர் தலையைத் தூக்கவே இல்லை. "பத்து மணி மாத்திரை போட்டாச்சும்மா. மூடிடு."

"போட்டுட்டேனா?"

"போட்டுட்டே. நான்தான் தண்ணி கொடுத்தேன்."

டிராயர் கத்திக்கொண்டே மூடியது.

டிரைவரின் குரல் முதல்முறையாக இறங்கியது. "போன மாசம் ஒரே மத்தியானத்துல மூணு தடவை போட்டுட்டா. நாலு நாள் ஆஸ்பத்திரி. பழைய மேஜை சத்தமே போடாது சார். நான் அடுத்த ரூம்ல குறட்டை விட்டுட்டிருந்தேன்."

கடைக்காரர் ஜன்னலுக்கு இன்னும் கிட்டே போனார். "பூட்டிட்டு… சாவியை நீங்க வச்சுக்கலாமே?"

"முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துச் சாவியெல்லாம் வச்சிருந்தவ சார். அவ கையிலேர்ந்து நான் பிடுங்கணுமா?"

கடைக்காரர் எண்ணெய்க் குப்பியை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"ஏங்க, இதுக்குச் சாவி இருக்கா?" மேஜை முன்னாலிருந்து டீச்சர் கேட்டார்.

"இருக்கும்மா," என்றார் கடைக்காரர், இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கப்பட்டவர்போல. "ரெண்டு இருக்கு."