வியாழக்கிழமைப் பிழை

"மிப்ரான் நானா, பில்ட் ஓடுது. ஆனா ஆப்பைத் திறந்தா சார்ட் பேக்கேஜ் இல்லைன்னு சொல்லுது."

கத்தாரிலிருந்து சிவானுஜா பேசினாள். இரண்டு வருடங்களுக்கு முன்புவரை, பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள இதே அலுவலகத்தில் மிப்ரானுக்கு அடுத்த மேசை அவளுடையது.

"கான்ஃபிக் ஃபைலைத் திறங்க. எக்ஸ்டர்னல் பட்டியல்ல சார்ட் பேரு இருக்கா? இருந்தா, பில்ட் டூல் அதை வெளிய விட்டுட்டு மத்ததை மட்டும்தான் கட்டும்."

"கொஞ்சம் வெளிய வந்து பேசுங்க நானா, சரியாக் கேக்கல."

மிப்ரான் பால்கனிக்குப் போய் எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். கீழே ஒரு கண்டக்டர் "நமுனுகுல, நமுனுகுல" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அந்த பஸ் புறப்படும்வரை அவள் பேசவே இல்லை.

"பேரை எடுத்துட்டேன், இப்ப சரி. வைக்கிறேன் நானா."

உள்ளே வந்தவனிடம், கூடவே வேலை பார்க்கும் அவன் மனைவி லரீபா பொரிந்தாள்.

"ஒவ்வொரு வியாழனும் இதே பிழை! இதுகூடத் தெரியாத புள்ளைக்கு யாரு வேலை குடுத்தாங்க?"

"அந்த ஃபைலை எழுதினதே அவதான். எனக்குச் சொல்லிக் குடுத்ததும் அவதான்."

"அப்ப எதுக்குக் கோல் எடுக்குறா?"

"இங்க இருந்தப்ப அஞ்சு மணி நமுனுகுல பஸ்லதானே தினமும் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போவா."

அடுத்த வியாழன் ஃபோன் அடித்தபோது லரீபாதான் எடுத்தாள்.

"பிழையைப் பொறவு சொல்லுங்க புள்ள. இருங்க, நான் முதல்ல பால்கனிக்கு வாறேன்."